சிங்க முகம் தெரிகிறது, பெயர் என்ன? பண்டைய எகிப்தின் சிங்கத்தலைத் தெய்வங்களை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

எகிப்தியப் பொருட்கள் இருக்கும் எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனாலும், சிங்கத் தலையும் பெண் உடலுமாக ஒரு கருங்கல் சிலை உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்த்தவுடன் "செக்மெட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுவோம். ஆளுயரக் கருங்கல் சிலை என்றால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கையடக்க வெண்கலச் சிலையையோ கோயில் சுவரில் உள்ள புடைப்புச் சிற்பத்தையோ பார்த்து அதையே சொன்னால்தான் மாட்டிக்கொள்வோம். பாஸ்டெட், தெஃப்னுட், வாஜெட், முட், மெஹித், மென்ஹித், பாகெத், ரெபித் என்று பல பெண் தெய்வங்கள் இதே தலையோடு வருகிறார்கள். ஆண் தெய்வங்கள் தனி.

எகிப்தியச் சிற்பி தலையைக் கொண்டு சொல்ல வந்தது பெரும்பாலும் குணத்தைத்தான். சூரியத் தெய்வமான ராவுக்கு ஒரு "கண்" உண்டு. அவருக்கு மகளாகவும் காவலாகவும் எதிரியைச் சுட்டெரிக்கும் படையாகவும் இருப்பது அந்தக் கண்தான். எந்தப் பெண் தெய்வம் அந்தப் பொறுப்பை ஏற்றாலும் அவளுக்குப் பெண் சிங்கத்தின் முகம் வந்துவிடும். ஆகவே பெயர் வேண்டுமென்றால் முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னால் வரும் அடையாளங்கள் எல்லாம் இரண்டு கதைகளில் போய்த்தான் நிற்கும்.

முதல் கதை "வானப் பசுவின் நூல்" என்று இன்று அழைக்கப்படும் உரையில் இருக்கிறது. துத்தன்காமுனின் பொன் வேய்ந்த மரப் பேழை ஒன்றில் அதன் ஒரு பகுதி உண்டு. முதலாம் சேத்தி உள்ளிட்ட பிற்கால அரசர்களின் கல்லறைச் சுவர்களில் இன்னும் விரிவாகக் கிடைக்கிறது. ராவுக்கு வயதாகிவிடுகிறது. எலும்பு வெள்ளியாகவும், சதை பொன்னாகவும், முடி லாபிஸ் லாசுலி என்ற நீல மணிக்கல்லாகவும் மாறிவிட்ட கிழவர். மனிதர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். அவர் தன் கண்ணை அனுப்புகிறார். அது பாலைவனத்தில் மனிதர்களை வெட்டிச் சாய்த்துவிட்டுத் திரும்பி வருகிறது, மறுநாளும் போகத் தயாராக நிற்கிறது. ராவுக்கே மனம் இளகிவிட்டது, ஆனால் அவளை நிறுத்த முடியவில்லை. அப்புறம்தான் அந்தத் தந்திரம். நைலில் உள்ள எலிபன்டைன் தீவிலிருந்து சிவப்புக் கனிமம் கொண்டுவரச் சொல்லி, அரைத்து, பார்லி பீரில் கலக்கிறார்கள். மொத்தம் 7,000 ஜாடி. விடிவதற்குள் வயல்களில் கொட்டியாகிறது. வயல் முழுக்க மூன்று கையகல உயரத்துக்கு ரத்தம் போல நிற்கிறது. காலையில் வந்தவள் அதில் தன் முகத்தைப் பார்க்கிறாள், பிடித்துப்போகிறது, குடிக்கிறாள். போதை தலைக்கேறி, மனிதர்களையே அடையாளம் தெரியாமல் வீடு திரும்புகிறாள்.

இணையத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் "ரா செக்மெட்டை அனுப்பினார்" என்றே தொடங்குகிறார்கள். மூல உரையில் ரா அனுப்புவது ஹாத்தோரை, அதாவது இசைக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய, பசுவோடு சேர்த்துப் பார்க்கப்படும் தெய்வத்தை. கொலைவெறியின் நடுவேதான் செக்மெட் என்ற பெயர் தோன்றுகிறது. ஒரே தெய்வம், இரண்டு நிலை. எகிப்தில் சிங்கத் தலை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை.

கதை சுவரோடு நின்றுவிடவும் இல்லை. ஆண்டின் முதல் மாதம் 20ஆம் நாள் "போதைத் திருவிழா" கொண்டாடினார்கள். கார்னாக்கில் முட் கோயிலைத் தோண்டிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெட்ஸி பிரையன் குழு, பெண் அரசர் ஹத்ஷெப்சுத் கட்டிய "போதை மண்டபத்தின்" தூண்களைக் கண்டெடுத்தது. தெய்வத்தைத் தணிக்கக் குடிப்பது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி.

இரண்டாவது கதை "தொலைவுக்குப் போனவள்". ராவின் மகள் கோபித்துக்கொண்டு தெற்கே நூபியாவுக்குப் போய்விடுகிறாள், அங்கே பெண் சிங்கமாகத் திரிகிறாள். அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துவரத் தெய்வங்கள் ஆளனுப்புகிறார்கள். அறிவுக்குரிய தெய்வமான தோத் குரங்கு உருவில் போய்க் கதை கதையாகச் சொல்லி அழைத்து வந்தார் என்று ஒரு வடிவம். காற்றுத் தெய்வம் ஷூ போனார், வேட்டைத் தெய்வம் ஒனூரிஸ் போனார் என்று வேறு வடிவங்கள். போனவள் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் தெஃப்னுட், சில இடங்களில் ஹாத்தோர், தினிஸ் நகரில் மெஹித். நூபியாவின் தக்கா கோயிலில் பெண் சிங்கத்தின் முன்னால் குரங்கு உருவில் தோத் கைகூப்பி நிற்கும் காட்சி உண்டு. ஃபிலே தீவின் ஹாத்தோர் கோயில் தூண்களில் குரங்குகள் இசைக்கருவி வாசிக்கின்றன, குள்ளத் தெய்வமான பெஸ் யாழ் மீட்டுகிறார். வீடு திரும்புகிறவளை ஆடிப்பாடி வரவேற்கும் காட்சிகள் அவை.

இரண்டாம் படி: கழுத்துக்குக் கீழே பாருங்கள்

ஆணா பெண்ணா என்பதுதான் முதல் கேள்வி. பிடரியை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். செக்மெட்டின் முகத்தைச் சுற்றிலும் கதிர் போலக் கோடு இழுத்த ஒரு பிடரி வளையம் இருக்கும். ஆண் சிங்கத்தின் அந்த அடையாளத்தைப் பெண் தெய்வத்துக்கும் சிற்பிகள் தயங்காமல் கொடுத்தார்கள். கீழே கணுக்கால் வரை உடலை ஒட்டிய உடையும் மார்பும் இருந்தால் பெண். முழங்காலுக்கு மேல் நிற்கும் சிறு அரையாடை என்றால் ஆண்.

அப்படியே கழுத்துப் பகுதியைக் கவனியுங்கள். மூன்று பிரிவாகத் தொங்கும் நீண்ட செயற்கை முடி, இரண்டு பிரிவு தோளுக்கு முன்னால், ஒன்று பின்னால். விலங்குத் தலையும் மனித உடலும் சேரும் இடத்தை அது மறைத்துவிடுகிறது. அந்த ஒட்டு நம் கண்ணை உறுத்தாமல் இருப்பதற்கு இந்த முடிதான் காரணம்.

மூன்றாம் படி: சிங்கமா பூனையா?

காதைப் பாருங்கள். சிங்கத்தின் காது சிறியது, வட்டமானது. பூனையின் காது நிமிர்ந்து கூராக நிற்கும். பூனைத் தலை என்றால் பாஸ்டெட் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் பாஸ்டெட் என்றால் பூனை என்று திருப்பிப் போட்டுவிடக் கூடாது. இரண்டாம் அரச வம்சக் காலத்துக் கல் பாத்திரங்களில், அதாவது கி.மு. 2700ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், அவள் தெளிவாகச் சிங்கத் தலையோடு இருக்கிறாள். பூனைத் தலை பரவலானது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். நாம் கடைகளில் பொம்மையாகப் பார்க்கும் பூனைப் பாஸ்டெட் பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் வெண்கலச் சிலைகளின் நகல். அவற்றில் முடிப் பிரிவுகள் இருக்காது, தலை நேராகக் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். உடை நெய்த கோடுகளோடு இருக்கும். ஒரு கையில் சிஸ்ட்ரம் என்ற கிலுக்கு வாத்தியம், முழங்கையில் கூடை, காலடியில் சில சமயம் குட்டிகள். இன்னொரு கையில் மார்புக் கவசம் போன்ற ஒரு தட்டு இருக்கும். அதன் உச்சியை உற்றுப் பாருங்கள், சிங்கத் தலை ஒன்று இருக்கும். சாந்தமாகிவிட்டாலும் பழைய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள்.

அவளுடைய ஊர் புபாஸ்டிஸ், இன்றைய ஸகாஸிக் அருகே உள்ள தெல் பாஸ்தா. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், குழந்தைகளைச் சேர்க்காமலே 7,00,000 பேர் அந்தத் திருவிழாவுக்குப் படகுகளில் வந்தார்கள் என்றும், ஆண்டு முழுவதும் செலவாவதைவிட அதிகத் திராட்சை மது அங்கே செலவானது என்றும் எழுதினார். எண்ணிக்கை மிகைதான். மது பற்றிய தகவலை, மேலே சொன்ன கதையை வைத்துப் பார்த்தால், நம்பலாம்.

நான்காம் படி: தலைக்கு மேல் என்ன?

சூரிய வட்டும் அதன் முன்னால் படமெடுத்த நாகமும் இருந்தால், அவள் ராவின் கண் என்பது உறுதி. யார் என்பது இன்னும் தெரியாது. செக்மெட், தெஃப்னுட், சிங்கத்தலைப் பாஸ்டெட், மெஹித், மென்ஹித் எல்லோரும் இதை அணிவார்கள். பல பெரிய சிலைகளில் வட்டு உடைந்துபோய் உச்சந்தலையில் தழும்பு மட்டும் இருக்கும்.

வட்டு இல்லாமல் ஒரு பெரிய நாகம் மட்டும் நிமிர்ந்து நின்றால் வாஜெட்டைச் சந்தேகிக்கலாம். நைல் டெல்டாவின் புட்டோ நகரத்து நாகத் தெய்வம் அவள். சிங்கத் தலையோடு அரியணையில் அமர்ந்த வெண்கலச் சிலைகள் பிற்காலத்தில் அவளுக்கு நிறைய வார்க்கப்பட்டன. சிலவற்றின் உள்ளே கீரியின் மம்மியை வைத்தார்கள். மேல், கீழ் எகிப்துகளின் இரட்டைக் கிரீடம் என்றால் முட். மலர்ந்த தாமரை என்றால் நெஃபெர்தெம். அவர் பெரும்பாலும் மனித முகத்தில்தான் வருவார், எப்போதாவது சிங்க முகத்தில். இருபுறமும் இறகு வைத்த உயரமான அதெஃப் கிரீடத்தோடு சிங்கத்தலை ஆண் என்றால் மாஹெஸ்.

ஐந்தாம் படி: கையில் என்ன?

நிற்கும் செக்மெட்டின் கையில் பாப்பிரஸ் என்ற நாணலின் தண்டு வடிவக் கோல் இருக்கும், மறு கையில் அங்க் என்ற உயிர்ச் சின்னம். உட்கார்ந்தவள் என்றால் இரு கைகளும் தொடை மேல், ஒன்றில் அங்க். கத்தி பிடித்த ஆண் மாஹெஸ். புபாஸ்டிஸில் அவர் பாஸ்டெட்டின் மகன், அரசர் இரண்டாம் ஒசோர்கோன் அவருக்கு அங்கே தனிக் கோயிலே எழுப்பினார். கையை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது, நான்காம் படியோடு சேர்த்துத்தான் பயன்படும்.

ஆறாம் படி: பக்கத்தில் நிற்பது யார்?

சுவர்ச் சிற்பத்தில் மிக வேகமாக விடை தருவது இதுதான். மம்மி போல உடலைச் சுற்றி, தலையை ஒட்டிய தொப்பி அணிந்தவர் ப்தா. அவருக்குப் பின்னால் நிற்கும் சிங்க முகத்தாள் செக்மெட், கூடவே தாமரையோடு நெஃபெர்தெம். மெம்ஃபிஸ் நகரத்துக் குடும்பம் இது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள பெரிய ஹாரிஸ் பாப்பிரஸ் என்ற ஏட்டுச் சுருளில் அரசர் மூன்றாம் ராம்சேஸ் இந்த மூவரின் முன்னால் நிற்கும் ஓவியம் இருக்கிறது.

நான்கு உயர்ந்த இறகுகளும் ஈட்டியும் உள்ளவர் ஒனூரிஸ், அப்படியென்றால் பக்கத்தில் மெஹித். ஆட்டுக்கிடாத் தலை க்னூம் என்றால், குறிப்பாக எஸ்னா கோயிலில், மென்ஹித். ஷூவோடு தெஃப்னுட். அமுனோடு முட். மின் என்ற கருவளத் தெய்வத்தோடு, அத்ரிபிஸ் கோயிலில், ரெபித்.

ஏழாம் படி: பெயரைப் படியுங்கள்

சித்திர எழுத்து முழுதும் படிக்கத் தெரிய வேண்டாம், நான்கைந்து வடிவங்கள் போதும். அகன்ற தட்டையான தலையுள்ள செங்கோல், அதன் பக்கத்தில் அரைவட்ட ரொட்டி: செக்மெட். மூடி முத்திரையிட்ட வாசனைத் தைல ஜாடி: பாஸ்டெட். பிணந்தின்னிக் கழுகு: முட். பாப்பிரஸ் தண்டும் நாகமும்: வாஜெட். ரொட்டியில் தொடங்கிக் கொம்பு விரியன் வந்தால் தெஃப்னுட். தெய்வத்தின் பெயர் வழக்கமாக அதன் முகத்துக்கு முன்னாலோ தலைக்கு மேலோ இருக்கும். எழுத்திலுள்ள பறவைகளும் விலங்குகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

அரியணையின் முன்பக்கத்தையும் பாருங்கள். மூன்றாம் அமென்ஹொதெப்பின் சிலைகளில், உட்கார்ந்தவளின் கால்களுக்கு இரண்டு பக்கமும் அவர் பெயரும் "செக்மெட்டின் அன்புக்குரியவர்" என்ற வாசகமும் இறங்கி வரும்.

அந்தச் சிலைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உலக அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் பெரிய செக்மெட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே அரசர் செய்வித்தவை. கி.மு. 1390 முதல் 1352 வரை ஆண்டவர். நைலின் மேற்குக் கரையில், இன்று கோம் எல் ஹெத்தான் என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த தன் கோயிலுக்காக நூற்றுக்கணக்கில் கிரானோடயோரைட் என்ற கருங்கல்லில் சிலைகளைச் செதுக்கவைத்தார். 700க்கும் மேல் இருந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் கணக்கு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் நிற்பவள் ஒருத்தி, அமர்ந்தவள் ஒருத்தி, ஆக மொத்தமும் கல்லிலேயே செய்துவைத்த ஓர் அர்ச்சனை என்று பிரெஞ்சு அறிஞர் ழான் யோயோட் கருதினார். பல சிலைகளில் செக்மெட்டின் பெயருக்குப் பின்னால் வெவ்வேறு ஊரோ பட்டமோ வருவது இதற்கு வலு சேர்க்கிறது.

எதற்கு இவ்வளவு? செக்மெட் நோயை அனுப்புகிறவள், அவளே அதைத் தடுக்கவும் வல்லவள். கொள்ளைநோயை அவளுடைய அம்புகள் என்றார்கள். ஆண்டின் 360 நாள் முடிந்து கூடுதலாக வரும் கடைசி ஐந்து நாட்களில் அவளுடைய ஏவலர்கள் அலைவதாகப் பயந்து, மந்திரம் ஓதிய துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அவளுடைய பூசாரிகளே வைத்தியமும் பார்த்தார்கள். கி.மு. 1550ஐ ஒட்டிய எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவ ஏடு, நோயாளியின் உடலில் விரல் வைத்து இதயத்தின் போக்கை அறிவதைச் சொல்லும்போது, மருத்துவரோடு செக்மெட்டின் பூசாரியையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

பிற்கால அரசர்கள் சிலர் இந்தச் சிலைகளை இடம் மாற்றித் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டார்கள். முட் கோயிலில் இன்றும் வரிசையாக நிற்பவற்றுள் பல மேற்குக் கரையிலிருந்து வந்தவை என்பது பரவலான கருத்து. 1895 முதல் 1897 வரை அந்த இடத்தைத் தோண்டியவர் மார்கரெட் பென்சன். எகிப்தில் அகழாய்வு நடத்தத் தன் பெயரில் அனுமதி பெற்ற முதல் பெண் அவர்.

எட்டாம் படி: எந்த ஊர்?

எழுத்து சிதைந்திருந்தால் கிடைத்த இடம் கைகொடுக்கும். மெம்ஃபிஸ் என்றால் செக்மெட், புபாஸ்டிஸ் என்றால் பாஸ்டெட். தெல் எல் முக்தாமை கிரேக்கர்கள் லியோன்டோபோலிஸ், அதாவது சிங்க நகரம், என்றே அழைத்தார்கள். அங்கே கிடைத்தால் மாஹெஸ், ஷூ, தெஃப்னுட் ஆகியோரை நினைக்க வேண்டும்.

பெனி ஹசன் அருகே பாறையைக் குடைந்த கோயில் என்றால் பாகெத். பள்ளத்தாக்கின் வாயிலில் இரை தேடும் பெண் சிங்கம் அவள். ஹத்ஷெப்சுத் காலத்தில் குடைந்த அந்தக் கோயிலை, தங்கள் வேட்டைத் தெய்வமான ஆர்டெமிஸோடு சேர்த்து, ஸ்பியோஸ் ஆர்டெமிடோஸ் என்று கிரேக்கர்கள் அழைத்தார்கள். பக்கத்தில் பெரிய பூனை இடுகாடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து சுமார் 19 டன் பூனை மம்மிகளைக் கப்பலேற்றி, லிவர்பூலில் உரத்துக்கு ஏலம் விட்டார்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சூடானின் நாகா, முசவ்வராத் எஸ் சுஃப்ரா என்றால் நாம் குஷ் அரசுக்குள் வந்துவிட்டோம். அங்கே சிங்கத்தலை ஆண் அபெதெமாக், போர்த் தெய்வம். நாகாவின் கோயிலை அரசர் நடகமானியும் அரசி அமனிடோரேயும் கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டினார்கள். அதன் பின்சுவரில் அவருக்கு மூன்று சிங்கத் தலையும் நான்கு கையும். கோபுர வாயிலின் பக்கச் சுவரில் தாமரையிலிருந்து எழும் பாம்புக்குச் சிங்கத் தலை. எகிப்தியப் பாணியில் செதுக்கியிருந்தாலும் எகிப்தியத் தெய்வமாக இவரை எழுதிவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: இவர்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

ஸ்ஃபிங்க்ஸுக்குச் சிங்க உடல், மனிதத் தலை. நம் தெய்வங்களுக்கு நேர் எதிர். பெஸ் பிடரியோடு இருக்கும் குள்ளர், முகம் மனித முகம்தான். இறந்தவரின் இதயத்தை நிறுக்கும் காட்சியில் தராசுக்கு அருகே காத்திருக்கும் அம்மித்துக்கு முன்னுடல் சிங்கம், தலை முதலை. தவெரெத் நீர்யானை, சிங்கப் பாதம் மட்டும் உண்டு. அடிவானத்தைக் காக்கும் இரட்டைச் சிங்கமான அகெருக்கு மனித உடலே கிடையாது.

பத்தாம் படி: எங்கே பழகுவது?

தூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில் 21 செக்மெட் சிலைகள் உள்ளன. நிற்பவளுக்கும் அமர்ந்தவளுக்கும், ஒரு சிற்பிக்கும் இன்னொரு சிற்பிக்கும் உள்ள வித்தியாசம் அங்கே ஒரே கூடத்தில் விளங்கிவிடும். கோயில் இடத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் கார்னாக் வளாகத்தின் வடகோடியில் உள்ள ப்தா கோயில். நடு அறையில் தலையில்லாத ப்தா, பக்கத்து அறையில் கூரைத் துளை வழியே விழும் வெளிச்சத்தில் நிற்கும் செக்மெட். ஆறாம் படியை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். சுவர்ச் சிற்பத்துக்கு எஸ்னா. பல நூற்றாண்டுப் புகைக்கரியை எகிப்திய, ஜெர்மானியக் குழு நீக்கியதில் நிறங்கள் திரும்ப வந்திருக்கின்றன, மென்ஹித்தைத் தேடிப் பிடிக்க நல்ல இடம்.

படிகள் எல்லாம் பார்த்தும் பெயர் வராத உருவங்கள் உண்டு. தஹ்ஷூரில் ஸ்நெஃபெரு அரசரின் கோயிலில் கிடைத்த ஒரு துண்டுச் சிற்பத்தில், பெண் சிங்கத்தின் வாய் அரசரின் முகத்தை ஒட்டி நிற்கிறது, மூச்சுக்காற்றை ஊதுவது போல. வயது ஏறத்தாழ 4,600 ஆண்டு. செக்மெட் என்றும் பாஸ்டெட் என்றும் வாதிட இடமிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் "சிங்கத்தலைப் பெண் தெய்வம்" என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.